அடி கொத்தாத கல்

திருவாரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் யூனுஸ் பாயின் மோட்டார் சாமான் கடை. ஜாக்கியால் தூக்கின காருக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற இரும்பு ஸ்டாண்டு ஒன்றைப் பாய் எடுத்து மேசைமேல் வைத்தார். மருதையன் அதன் பெயிண்டைப் பார்க்கவில்லை. விலை கேட்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தான். காலின் நுனியை உள்ளங்கையால் தடவினான்.

"என்னங்க மருதையன், எல்லாரும் மேலதான் பாப்பாங்க. நீங்க மாட்டுக்குக் குளம்பு பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"அடிதான் பாய் முக்கியம்," என்றான் மருதையன்.

நாலு மாதத்துக்கு முன்னால், எண்பத்து நாலு ஆவணியில், இதே இடத்தில் நின்று அவன் பேசின பேச்சு வேறு. அன்றைக்குத் தம்பி முருகையனும் கூட வந்திருந்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று சுத்துப்பட்டு ஊர்களில் எதற்கும் அந்த வண்டிதான். கியர்பெட்டியில் ஆயில் ஒழுகியது. வீட்டு வாசலிலேயே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஆயில் சீல் வாங்க வந்தார்கள். பாய் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அடியில படுக்கப்போறது யாரு?"

"நாந்தான் பாய். அண்ணனுக்குத் தொப்ப. உள்ள போனா வெளிய வராது," என்றான் முருகையன்.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும். முட்டுக் குடுக்க என்ன வச்சிருக்கீங்க? ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல. நம்ம ஊரு தேரு ஓடுறப்ப சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறாங்கல்ல? வடத்த மட்டும் நம்பித் தேர நிறுத்துவாங்களா? ரெண்டு ஸ்டாண்டு எடுத்துட்டுப் போங்க."

அப்போதுதான் மருதையன் அதைச் சொன்னான்.

"எங்கப்பா ஒரு கல்லு வச்சிருக்காரு பாய். பண்ணையவே தாங்குன கல்லு. ஒரு காரத் தாங்காதா?"

தம்பி சிரித்தான். பாயும் சிரித்துவிட்டு ஸ்டாண்டை மறுபடி அலமாரியில் வைத்தார். மடியில் பணம் இல்லாமல் இல்லை. இருந்தது. வாங்கவில்லை.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஊர் ஓடம்போக்கி ஆற்றுக்குத் தெற்கே. அந்தப் பக்கத்தில் கல் என்பதே கிடையாது. தோண்டினால் களிமண், அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே தண்ணீர். அம்மியும் உரலும்கூட வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவைதான். அப்படிப்பட்ட ஊரில் பண்ணையார் வீட்டுக் காரியக்காரர் ஒரு கருங்கல்லை இறக்கி, மருதையனின் அப்பா தங்கையன் குடிசைக்குப் பின்னால் நாலடி தள்ளி நட்டுவிட்டுப் போனார். உன் குடிசை இதுவரைக்கும்தான், இதைத் தாண்டிக் கோழி மேய்ந்தாலும் பண்ணை மண் என்று அர்த்தம். தங்கையன் அந்தப் பண்ணையில் பிறந்து, அந்தப் பண்ணையிலேயே நாற்றுப் பறித்து, அங்கேயே அடியும் வாங்கின ஆள். கூலிக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக ஜெயிலுக்கும் போய்வந்தவர்.

ஆட்சி மாறி, எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்றார்கள். சர்வேயர் சங்கிலி போட்டு அளந்தார். மனை கல்லோடு நிற்கவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் பதினைந்து அடி, வாய்க்கால் கரை வரைக்கும் ஓடியது. தங்கையன் கடப்பாரை கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். தோளில் வைத்துத் தெருவைச் சுற்றி வந்தார். செங்கொடி பிடித்த ஆட்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அந்தக் கல் அவர் வீட்டு வாசலில் கிடந்தது. யார் வந்தாலும் அதில்தான் உட்காரவைப்பார். உட்கார்ந்தவன் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

மருதையன் கதை அப்பாவுக்கு நேரெதிர். மூன்றாவதோடு படிப்பு நின்றது. மாடு மேய்த்தான். பண்ணைக்கு டிராக்டர் வந்தபோது, என்ஜின் மேலிருந்த பைத்தியத்தில் அதைத் துடைக்கிற வேலைக்குப் போய், அப்படியே ஓட்டவும் கற்றுக்கொண்டான். டிராக்டர் இறங்கினால் கூலிக்காரன் வயிறு காயும் என்று ஒருநாள் தெருவே வயலில் இறங்கி மறித்தது. வரப்பில் முதல் ஆளாக நின்றவர் தங்கையன். டிராக்டர் மேலே உட்கார்ந்திருந்தவன் மருதையன்.

"எறங்குடா," என்றார்.

இறங்கினான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் அளந்துதான் பேசினார். பண்ணை வாரிசுகள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போனார்கள். கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த அவர்கள் காரை அண்ணன் தம்பி வாங்கினார்கள். அப்போதும் கிழவர் வண்டியில் ஏறவில்லை. "அதுக்கு நாங்க வழிவிட்டு வாய்க்கால்ல எறங்கி நின்னுருக்கோம்டா" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

அதனால்தான், கடைக்குப் போவதற்கு முதல் நாள் கல்லைக் காருக்கு முட்டுக் கொடுக்கக் கேட்டபோது மருதையன் திட்டு வாங்கத் தயாராக நின்றான். தங்கையன் யோசித்தார். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

"அவன் காரு, எங்கல்லு மேல நிக்கப் போவுதா? வைடா. நல்லா வை. ஊரே பாக்கட்டும்."

பதினைந்து வருஷத்தில் அப்பா மருதையனைப் பார்த்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பாய் கடையில் அவன் ஸ்டாண்டு வாங்காமல் வந்த காரணம் இதுதான். இரும்பு விலையெல்லாம் அதில் சேர்த்தி இல்லை.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் மழை. வாசல் களிமண் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. தெருவில் பாதிப் பேர் நடவுக்குப் போய்விட்டார்கள். தங்கையனும் வயலுக்குப் போயிருந்தார். வண்டியின் வலப்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார்கள். கல்லைப் படுக்கப் போட்டால் உயரம் போதவில்லை. நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தும்போதுதான் மருதையன் கவனித்தான். கல்லின் மேல்பாதிதான் சதுரமாகக் கொத்தியிருந்தது. கீழ்ப்பாதி மண்ணுக்குள் போகிற பாகம்தானே என்று கல்தச்சன் கொத்தாமல் விட்டுவிட்டான். குண்டும் குழியுமாக, ஒரு பக்கம் துருத்திக்கொண்டு இருந்தது. பதிமூன்று வருஷமாக எல்லோரும் உட்கார்ந்த கல். அதன் அடியை ஒருத்தரும் கவனித்ததில்லை.

"லேசா ஆடுதுண்ணே."

"மண்ணுல அழுந்திக்கும்டா. கல்லு எங்க போவப் போவுது?" என்றான் மருதையன்.

பாரத்தைக் கல்லில் இறக்கிவிட்டு ஜாக்கியை இடப்பக்கம் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்துக்கு முட்டு, அடுக்கின செங்கல். முருகையன் வலப்பக்கமாக உள்ளே சரிந்து படுத்தான்.

"நீ அந்தப் பக்கம் ஏத்துண்ணே. செங்கல்ல நான் உள்ளேருந்து தள்ளி வைக்கிறேன்."

முருகையன் பெண்டாட்டி அம்சம் தூக்குவாளியில் டீயோடு வந்து நின்றாள். வண்டிக்கு வெளியே தெரிந்த புருஷன் காலைப் பார்த்துவிட்டு, "டீ ஆறுது, காலு மட்டும் குடிக்குமா?" என்றாள்.

உள்ளேயிருந்து முருகையன் சிரித்தான். "அம்சம், இத கேளு. காரும் அவங்க காரு. கல்லும் அவங்க கல்லு. நடுவுல நாம படுத்திருக்கோம்."

மருதையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஜாக்கிக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினான். இடப்பக்கம் ஏறியது. ஏற ஏறப் பாரம் வலப்பக்கம் சாய்ந்தது. கல் அப்படியே, தூங்குகிறவன் தலை சாய்கிற மாதிரி, சாய்ந்தது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

தெரு ஆட்கள் ஓடிவந்து காரைத் தூக்கி, வலப்பக்கமாகத்தான் முருகையனை வெளியே எடுத்தார்கள். மூச்சு இல்லை. தங்கையன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தபோது கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எப்படிடா, எப்படிடா என்று மருதையனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். காருக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த கல்லை மருதையன் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"ஜாக்கி நழுவிருச்சுப்பா," என்றான்.

போலீஸ்காரரிடமும் அதையேதான் சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் ஜாக்கியைத் திட்டினார்கள். அன்றைக்குச் சாயந்திரமே யாரோ ஒருத்தர் கல்லை உருட்டி, பழையபடி வாசலில் போட்டுவிட்டார். துக்கம் கேட்க வந்த பெரியவர்கள் அதன் மேல்தான் உட்கார்ந்தார்கள். அம்சம் உள்ளேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணால் கண்டவள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. கார் புங்கமரத்தடியில் இலை மூடிக் கிடந்தது. மருதையன் கூலிக்கு நெல் மூட்டை தூக்கப் போனான். வண்டி இருந்த பக்கம் திரும்புவதில்லை. அவனுக்கு இருந்தது ஒரே பயம். செத்தவனைத் திருப்ப முடியாது. அந்தக் கல்தான் தின்றது என்று கிழவருக்குத் தெரிந்தால், அவர் வாழ்ந்த வாழ்க்கையில் ஜெயித்ததென்று கையில் மிஞ்சினது ஒன்றே ஒன்று, அதுவும் போய்விடும். எப்படியாவது தெரியாமல் அவர் போய்ச் சேரவேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். பெற்ற அப்பனுக்கு அப்படி வேண்டிக்கொள்கிறோமே என்று அழுதான்.

மார்கழியில் ஒருநாள் அம்சம் வந்து நின்றாள்.

"பெரிய மச்சான். வண்டிய ஓட்டுங்க."

"அத வித்துரலாம்மா."

"வித்த காச எத்தினி நாளைக்குத் திம்போம்? ஓடுனாத்தான் ரெண்டு வீட்டுலயும் ஒல கொதிக்கும். ஆயிலு ஒழுகுறத சரி பண்ணுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அன்னிக்கு அந்தக் கடையில ஒரு இரும்பு காட்டுனாங்கன்னு அவரு சொன்னாரு. அத வாங்கிட்டு வந்து பண்ணுங்க. கல்லு மேல நிறுத்துனீங்கன்னா நான் வந்து அடியில படுத்துக்குவேன்."

அதனால்தான் இன்றைக்கு அவன் கடைக்கு வந்தது.

பாய் அவன் முகத்தையும், கவிழ்த்துப் பிடித்திருந்த ஸ்டாண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரெல்லாம் சொன்ன ஜாக்கிக் கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. கல்லைப் பற்றிக் கேட்கத்தான் வாயெடுத்தார். கேட்கவில்லை. மருதையன் கையிலிருந்து ஸ்டாண்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது வேணாம். மூணு காலு, கூறான நுனி. சிமெண்டுத் தரைக்குச் சரி. உங்க மண்ணுல ஊசி மாதிரி எறங்கிடும். இதப் பாருங்க."

இன்னொன்றை எடுத்துவந்தார். நாலு கால், அகல விரிந்தது. ஒவ்வொரு காலுக்கும் கீழே தகடு வைத்துப் பற்ற வைத்திருந்தது. நடுக்குழாயில் உயரம் மாற்ற ஓட்டைகள். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஊசி. உச்சியில் வண்டிச் சட்டம் வழுக்காமல் இருக்க இரண்டு காது.

"எத்தினி டன் தாங்கும்னு இதுலயே அடிச்சிருக்கு. உங்க வண்டிக்குத் தாராளம். ஒண்ணு வாங்காதீங்க. ஜோடி. முடிஞ்ச மட்டும் கீழ் ஓட்டையில ஊசி போடுங்க, ஒசரம் கொறஞ்சா ஆட்டம் கொறையும். அடியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு பலகை. பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை. கழட்டுன சக்கரத்தையும் வண்டிக்கு அடியிலயே படுக்கப் போட்டுருங்க. எது ஏமாத்துனாலும் அது ஆள மிச்சம் வைக்கும். ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு மேல ஒக்காந்தப்பறம் வெளிய நின்னு வண்டியப் புடிச்சு ஆட்டிப் பாருங்க. அது வரைக்கும் ஒரு கையக்கூட உள்ள விடாதீங்க."

மருதையன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். இதில் பாதியை அன்றைக்கும் பாய் சொல்லியிருப்பார், கேட்டிருந்தால். ஊசியைப் போட்டுப் போட்டு எடுத்தான். தரையில் வைத்து, தானே அதன்மேல் ஏறி நின்று அசைந்து பார்த்தான். கடைக்கு வந்த வேறொருத்தர் சிரித்தார். பாய் அவரை முறைத்தார்.

டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாண்டையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தான். வாசலில் தங்கையன் தரையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். முதுகு கல்லில் சாய்ந்திருந்தது.

"என்னடா அது?"

"காருக்கு முட்டுக் குடுக்குறதுப்பா."

"ஜாக்கிதான நழுவுச்சு? அப்ப புது ஜாக்கில்ல வாங்கணும்?"

மருதையன் ஸ்டாண்டைத் தரையில் இறக்கிவைத்தான். கிழவர் கயிற்றைக் கீழே வைத்தார். ஸ்டாண்டை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் உச்சியையும் காலையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஜாக்கிய எந்தப் பக்கம் வச்சிருந்த?"

"விடுப்பா."

"எந்தப் பக்கம்டா?"

"இடப்பக்கம்."

"சின்னவன வலப்பக்கமால்ல எடுத்ததா சொன்னாங்க." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "ஜாக்கி நழுவுனா அந்தப் பக்கம்தான எறங்கியிருக்கணும்? வலப்பக்கம் நம்ம கல்லுல்ல இருந்துச்சு?"

உள்ளே அம்சம் முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றது.

மருதையன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். "அடி கொத்தாத கல்லுப்பா. ஆடுதுன்னு அவன் சொன்னான். நான்தான் கேக்கல. ஜாக்கியச் சுத்துனதும் நான்தான்."

தங்கையன் கல்லிலிருந்து முதுகை எடுத்தார். நெருப்பில் சாய்ந்துவிட்டவர் மாதிரி எடுத்தார். அழவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். செவ்வந்தி, மருதையனின் பெண்டாட்டி, கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். அப்படியே இருந்தது.

விடிந்து பார்த்தால் வாசலில் கல் இல்லை. அது கிடந்த இடத்தில் புல் முளைக்காத ஒரு வெள்ளைத் தடம். அங்கிருந்து வீட்டைச் சுற்றிச் சேற்றில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. மருதையன் கோட்டைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு ஓடினான்.

வீட்டுக்குப் பின்னால், நாலே அடி தள்ளி, பழைய இடத்திலேயே கல் நட்டிருந்தது. கொத்தாத பாதி மண்ணுக்குள். கொத்தின பாதி வெளியே. எழுபத்தைந்து வயசுக் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் மண்ணை அணைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பத்து விரலிலும் நகக்கண் கிழிந்து ரத்தமும் சேறுமாக இருந்தது.

"என்னப்பா இது? நம்ம மனைக்குள்ள நீயே..."

"இது நிக்கிற எடம் இதுதான்டா," என்றார் தங்கையன். "நான் பிடுங்குனேன். அவன் வச்சதே சரி."

அந்தப் பேச்சுதான் மருதையனை உடைத்தது. தம்பி செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படிக் கதறவில்லை. ஜெயிலில் அடித்துக் கேட்டும் இந்த மனுஷன் வாயிலிருந்து வாங்க முடியாத வார்த்தை அது.

அம்சம் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். முந்தானையால் கிழவர் கையைப் பிடித்துத் துடைத்தாள்.

"கல்லு என்ன செய்யும் மாமா? பள்ளத்துல நிக்கச் செஞ்சத நாங்க மேட்டுல நிறுத்துனோம். அவன் வச்சது சரின்னு மட்டும் சொல்லாதீங்க. எம்புருசன் அதுக்குச் சாவல." குரல் உடைந்தது. ஆனாலும் அவரைத் தூக்கி நிறுத்தினாள். "வாங்க. வண்டியத் தூக்கணும். ஆளு பத்தாது."

கல்லை யாரும் பிடுங்கவில்லை. பிடுங்க ஒருத்தருக்கும் தெம்பில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது.

வெயில் ஏறி மண் கொஞ்சம் இறுகின பிறகு வேலையை ஆரம்பித்தார்கள். பாய் சொன்னது ஒன்றையும் மருதையன் விடவில்லை. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. பலகை. ஸ்டாண்டு. ஊசி. முன்சக்கரம் இரண்டையும் கழற்றி அடியில் படுக்கவிட்டான். பாரம் இறங்கியது. யாரும் உள்ளே போகவில்லை. அம்சம் வந்து காரின் மேல் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஒருமுறை. மறுபடி. மூன்றாம் முறை காலால் உதைத்தாள். வண்டி அசையவில்லை. அது அசையாமல் நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவுதானா பெரிய மச்சான்?"

மருதையன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். தொப்பை இப்போது இல்லை. மூணு மாதத்தில் உடம்பு வற்றிவிட்டது. கியர்பெட்டி முகத்துக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில். முருகையன் கண் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். ஸ்பானர் போல்ட்டில் உட்காரவே வெகுநேரம் ஆனது. கண்ணில் விழுந்தது ஆயிலா தண்ணீரா தெரியவில்லை.

பக்கவாட்டில் திரும்பியபோது பின்சக்கரம் தெரிந்தது. சக்கரத்துக்குப் பின்னால் அப்பா மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். துணி சுற்றின இரண்டு கையாலும் முட்டுக்கட்டையை அழுத்திப் பிடித்திருந்தார்.

"யப்பா, கட்டை தானா நிக்கும். கைய எடு."

கிழவர் காதில் வாங்கவில்லை. மருதையன் வேலையை முடித்து வெளியே வரும்வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.